அகிலன் தமிழ் பேசிய வாரம்

ஜெர்சி சிட்டி
3 செப்டம்பர் 2000

வசந்தா,

போனில் இந்தப் பேச்சு இனி வேண்டாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். நேற்று நீயும் கத்தினாய், நானும் கத்தினேன். கூடத் தங்கியிருக்கும் பத்மநாபன், பாவம், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஜர்னல் ஸ்கொயர் வரை போய்வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினார். அங்கே அகிலன் உள்ளறை போனை எடுத்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அவன் தமிழில் பதில் சொல்ல மாட்டானே தவிர, நாம் பேசுவதில் ஒரு வார்த்தை விடுவதில்லை. அப்பா என்னைக் கோழை என்று நினைக்கிறார் என்று இங்கிலீஷில் உன்னிடம் சொன்னானே, அது என் காதிலும் விழுந்தது. கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. நம் எழுத்து அவனுக்கு வாசல் கோலம் மாதிரி.

அவன் கோழை இல்லை. நான்தான் கோழை. அதை அவனிடம் சொல்ல முடியவில்லை, உன்னிடம் எழுதுகிறேன்.

Y2K கம்ப்யூட்டர் வேலை முடிந்து அங்கே டெக்சாஸ் காண்ட்ராக்ட் போய், இந்த பேங்க் வேலைக்கு நான் ஓடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கிரீன் கார்டு வரும்வரை இதை விட்டுவிட்டு வரவும் முடியாது. அதற்குள் நீ அவனை இந்த அமெரிக்க ஃபுட்பால் டீமில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? டென்னிஸ் இல்லையா, ஸ்விம்மிங் இல்லையா? நம் ஆட்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஸ்பெல்லிங் போட்டிக்குப் போகிறார்கள், உன் பிள்ளை மட்டும் மண்டையால் முட்டப் போகிறான். பத்து வருஷமாக டிவி முன்னால் உட்கார்ந்து நீ வளர்த்த பைத்தியம் இது. அதைப் பையன் தலையில் ஏற்றிவிட்டாய்.

பயமாக இருக்கிறது வசந்தா. வருகிற வெள்ளிக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்று மட்டும் செய். ஆட்டம் முடிந்து அவன் தன் காலால் நடந்து காருக்கு வந்துவிட்டான் என்றால், வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் போட்டு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணிவிடு. நான் எடுக்க மாட்டேன், காசும் ஆகாது. அந்த ஒரு ரிங் கேட்டால் தூங்குவேன்.

வெள்ளியங்கிரி


இர்விங்
10 செப்டம்பர் 2000

மாமா,

வெள்ளிக்கிழமை ரிங் கேட்டதா? கேட்டிருக்கும். கட் பண்ணிவிட்டுச் சமையலறையில் நின்று சிரித்தேன். ஊரில் எங்கள் அப்பா பஸ் ஏறிப் போனால் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு போடுவார். அதே கதைதான்.

உங்கள் கடிதத்தில் பைத்தியம் என்ற வார்த்தை மட்டும் எனக்கு உறைக்கிறது. மற்றதெல்லாம் நியாயம். கையெழுத்துப் போட்டது தப்பு என்று சொல்லமாட்டேன், கேட்காமல் போட்டது தப்பு.

பைத்தியம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தொண்ணூறில் அஞ்சு வயசுப் பிள்ளையோடு இந்த ஊருக்கு வந்து இறங்கினோம். நீங்கள் விடிந்தால் லாஸ் கோலினாஸ் ஆபீஸ். எனக்கு டிரைவிங் தெரியாது, வேலைக்குப் போக விசாவில் இடமில்லை, யார் எது பேசினாலும் காதில் கொசு மாதிரி இருக்கும். டிவியில் நாடகம் போட்டால் அவர்கள் சிரிக்கும் இடத்தில் நான் முழிப்பேன். இந்த விளையாட்டு ஒன்றுதான் எனக்காக நின்று நின்று நடந்தது. ஒரு ஆட்டம் ஓடும், உடனே நிறுத்திவிடுவார்கள், என்ன ஆச்சு என்று திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவார்கள். நாலு தரம் முயற்சி, அதற்குள் பத்து கஜம் போகணும், போகாவிட்டால் பந்தை அடுத்தவனுக்குக் கொடுக்கணும். அவ்வளவுதான். அமெரிக்காவில் எனக்கு முதன்முதலில் புரிந்த விஷயம் அதுதான் மாமா. உங்களுக்கு இன்றைக்கும் புரியாது, அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஒரு திங்கட்கிழமை மளிகைக் கடையில் பில் போடுகிறவள் எல்லாரையும் போல என்னையும் கேட்டாள், நேற்று நம் ஊர் டீம் கவ்பாய்ஸ் ஆட்டம் பார்த்தாயா என்று. மூன்றாவது முயற்சியில் பந்தை எறிந்திருக்கக் கூடாது, ஓடியிருக்கணும் என்றேன். அவள் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, சரியாகச் சொன்னாய் என்றாள். பின்னால் நின்றவரும் ஆமாம் என்றார். அன்றைக்குப் பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். இந்த நாட்டில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு ரெண்டு பேர் பதில் சொன்னார்கள்.

அகிலன் என் மடியில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன். அவனை சேஃப்டி என்ற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பின்னால் நிற்பவன். முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் தவறவிட்டால் தடுக்கவேண்டியவன் இவன். எதிராளி என்ன செய்யப்போகிறான் என்று பார்த்து மற்றவர்களைக் கத்திக் கூப்பிட்டு அங்கங்கே நிறுத்துவதும் இவன் வேலை. கோச் அவனைப் படித்த பையன் மாதிரி நடத்துகிறார்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாதவர்களுக்கு நாலு பேர் ஒரு குவியலாக விழுவது மட்டும்தான் தெரியும். எனக்கு அவன் எந்தப் பக்கம் ஓடுவான், யார் தோள் இவன் தலையில் வந்து இடிக்கும் என்பது இடிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஸ்டேடியத்தில் அவன் பெயரை ஸ்பீக்கரில் தப்பும் தவறுமாகச் சொல்லும்போது எழுந்து நிற்காமல் இருக்க முடியவில்லை.

வசந்தாமணி


ஜெர்சி சிட்டி
24 செப்டம்பர் 2000

வசந்தா,

மூன்று வெள்ளிக்கிழமையும் ரிங் வந்தது. ஒவ்வொரு தரமும் உயிர் போய் உயிர் வந்தது.

பைத்தியம் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மளிகைக் கடைக் கதையை நீ என்னிடம் இதுவரை சொன்னதில்லையே. பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு நானும் கற்றுக்கொள்ளலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பத்மநாபனை உட்காரவைத்து ஒரு முழு ஆட்டம் பார்த்தேன். உன் எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு முயற்சி, பத்து கஜம் என்று கணக்குப் போட்டோம். கொஞ்சம் புரிந்தது. புரிய ஆரம்பித்தபோதே ஒருவன் விழுந்தான். எழவில்லை. சின்ன வண்டி ஒன்று மைதானத்துக்குள் வந்தது. இரண்டு டீம் ஆட்களும் முழங்காலில் உட்கார்ந்தார்கள். கடைசியில் வண்டியில் போகும்போது அவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான், ஸ்டேடியமே கைதட்டியது. பத்மநாபன் டிவியை அணைத்துவிட்டு, சார் நீங்க இதைப் பாக்காதீங்க என்றார்.

அதிலிருந்து எனக்கு அந்தக் கட்டை விரல்தான் கண்ணில் நிற்கிறது. ஆபீசில் டெஸ்ட் ரன் போட்டுவிட்டு ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மேனேஜர் வந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடுகிறது.

அவனை நிறுத்து என்று சொல்லமாட்டேன். சொன்னால் அவன் என்னோடு பேசுவதையே விட்டுவிடுவான். இப்போதே போனில் ஹாய் டாட், ஐ'ம் ஃபைன், ஹியர்ஸ் மாம். அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் எத்தனை தரம் பலமாக மோதினான் என்பதை எனக்கு மறைக்காமல் எழுது. எதையும் குறைத்து எழுதாதே.

வெள்ளியங்கிரி


இர்விங்
8 அக்டோபர் 2000

மாமா,

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு மோதல் பெரியது. நம் பையனைவிட ரெண்டு மடங்கு இருப்பான் பந்தோடு ஓடிவந்த எதிராளி, நேராக இவன்மேல் வந்தான். இவன் விலகவில்லை. ரெண்டு பேரும் விழுந்தார்கள். இவன் முழங்காலை ஊன்றி எழுந்து, ஹெல்மெட்டைத் தட்டிவிட்டு, கையைத் தூக்கிக் காட்டினான். கடைசிவரை ஆடினான். தன் காலால் நடந்துதான் வந்தான், அதனால்தான் ரிங் விட்டேன்.

அன்றைக்கு சரஸ்வதி பூஜை. காலையில் அவனுடைய புஸ்தகங்களோடு அந்த ஹெல்மெட்டையும் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைத்திருந்தேன். கோச் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டிருக்கிறார். வெளியே வைத்ததைத் துடைத்துவிட்டான், உள்ளே வைத்ததை விட்டுவிட்டான். சிரிக்காதீர்கள். ஊரில் உங்கள் அப்பா டிராக்டருக்கு வைக்கவில்லையா?

இப்போது நல்ல செய்தி. நேற்று விஜயதசமி. அகிலன் மத்தியானம் வரைக்கும் தூங்கினான். எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"அம்மா, பசிக்குதுங்கம்மா. தோசை சுட்டுத் தாங்க."

கரண்டி கை நழுவிவிட்டது. மாமா, அவன் தமிழில் சொன்னான். நம் ஊர்ப் பேச்சில், அந்த 'ங்க' போட்டு, அஞ்சு வயசில் விமானத்தில் ஏறும்போது பேசினானே, அதே மாதிரி. கின்டர்கார்டனில் சேர்த்து ஆறே மாதத்தில் விட்டுவிட்டவன். எவ்வளவு கெஞ்சியிருப்போம், எத்தனை தரம் அடித்திருப்பீர்கள், எத்தனை சம்மர் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போயிருப்போம். எழுத்தறிவிக்கும் நாளில் சரஸ்வதி அவன் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தோசை சாப்பிட்டுக்கொண்டே அப்பா எங்கீங்கம்மா என்று கேட்டான். ஜெர்சி சிட்டியில இருக்காங்க கண்ணு என்றேன். சாயந்திரம் மறுபடி வந்து அதையே கேட்டான். ராத்திரி படுக்கும் முன்னாலும் கேட்டான். மேலுக்கு வீராப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் உங்களைத் தேடுகிறான், பிள்ளை. தலை வலிக்கிறது, லைட்டைப் போடவேண்டாம் என்றான். முதல்நாள் களைப்பு. அவனுக்குத் துணையாக நானும் இருட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். சின்னச் சின்ன வார்த்தைதான் பேசினான். எனக்கு அது போதும்.

கீழ்வீட்டு பவளம் ஆன்ட்டிக்குச் சுண்டல் கொடுக்கப் போனபோது இதைச் சொல்லி அழுதேவிட்டேன். அவர்களும் அழுதார்கள். நீங்கள் போன் செய்யுங்கள் மாமா. போனில் இந்தப் பேச்சு வேண்டாம் என்ற சட்டத்தை ஒரு தடவை மீறலாம்.

வசந்தாமணி


ஜெர்சி சிட்டி
12 அக்டோபர் 2000

வசந்தா,

நேற்று அவன் போனை எடுத்ததும் ஹாய் டாட் என்பான் என்று நானும் ஹாய் என்றேன். "அப்பா, எப்ப வருவீங்க?" என்றான். போனை மறு காதுக்கு மாற்றிப் பிடித்தேன். அவன் மறுபடி, அப்பா எப்ப வருவீங்க என்றான். தீபாவளிக்கு வர்றேன் சாமி என்று சொன்னேன். போனை வைக்கும்போதும் அதையேதான் கேட்டான். இந்தப் பிள்ளையையா நான் சண்டைபோட்டு விலக்கினேன்?

பத்மநாபன் இன்றைக்கு ஆபீஸ் முடிந்து வரும்போது ஜெர்சி சிட்டி முழுக்கத் தேடி மைசூர்பாகு வாங்கி வந்தார். ஆபீஸ் போகும் பாத் டிரெயினில் தெரியாத ஒரு தெலுங்குக்காரரிடம்கூடச் சொன்னேன், என் மகன் தமிழ் பேசுகிறான் என்று. அவர் பையன் பேசுவதில்லையாம், என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அவனை அவன் போக்கில் விட்டோம் என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

நீ ஜெயித்துவிட்டாய், வசந்தா. அவனுக்குப் பிடித்ததை நீ பிடுங்கவில்லை, அதனால்தான் அவன் நம்மிடம் திரும்பி வந்தான் என்று எனக்குப் படுகிறது. அவன் ஆடட்டும். நான் மனதார எழுதுகிறேன், முழு சம்மதம். தீபாவளி வாரம் டிக்கெட் போட்டுவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை உன் பக்கத்தில் ஸ்டேடியத்தில் உட்காருவேன். யார் எங்கே ஓடுகிறான் என்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. நாளைக்கும் ரிங்குக்காகக் காத்திருப்பேன். ஆனால் இந்த வாரம் பயத்துக்குப் பக்கத்தில் வேறொன்றும் உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளியங்கிரி


ஜெர்சி சிட்டி
30 அக்டோபர் 2000

வசந்தா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இருந்த லீவ் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக இரண்டு வாரம் உன்னோடு இருந்தும் அன்றைக்கு மைதானத்தில் என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயும் சொல்லவில்லை. கேட்டால் அவன் காதில் விழும் என்று இருவருமே பயந்தோம். இப்போது எழுது. தெரியாமல் இருப்பதுதான் அதிகமாகக் கொல்கிறது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த வெள்ளிக்கிழமை போன் சீக்கிரமே அடித்தது. ஆட்டம் முடிந்திருக்காதே என்று நினைத்தேன். ஒரு ரிங். சரி என்று மூச்சு விட்டேன். நிற்கவில்லை. இரண்டாவது அடித்தது, மூன்றாவது அடித்தது. நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன், எடுக்கவில்லை. எடுத்தால் உண்மையாகிவிடும் என்று இருந்தது. பத்மநாபன்தான் எடுத்து என் காதில் வைத்தார். எடுக்காமல் நின்றதற்கு என்னை மன்னித்துக்கொள்.

இன்னொன்று. பன்னிரண்டாம் தேதி நான் போட்ட கடிதம் நாமெல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வந்திருக்கும். தபால் பெட்டியில் இருந்தால் பிரிக்காதே. கிழித்துப் போட்டுவிடு.

வெள்ளியங்கிரி


இர்விங்
5 நவம்பர் 2000

மாமா,

அதைப் பிரித்துப் படித்துவிட்டேன். அழாதீர்கள். மைசூர்பாகு வாங்கிக் கொண்டாடியது நீங்கள் மட்டுமா? சுண்டலோடு வீடு வீடாகப் போனவள் நான். அந்த ஒரு வாரம் முழுக்க அவன் தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, நாம் திருவிழா நடத்திக்கொண்டிருந்தோம். இதில் உங்கள் பங்கு, என் பங்கு என்று பிரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

கேட்டீர்கள், எழுதுகிறேன்.

ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று தட்டியது. எதிராளிகள் வலது பக்கம் ரெண்டு பேரைக் கூட்டி நிறுத்தினால் இவன் அந்தப் பக்கம் நகரணும். பத்து வயசிலேயே டிவி முன்னால் என்னைத் திருத்தியவன். இவன் இடது பக்கம் போய் நின்றான். மறந்திருப்பான் என்று நினைத்தேன். மறுபடியும் அப்படியே. பக்கத்தில் ஆடுகிற பையன் ஓடிவந்து இவன் தோளைப் பிடித்துத் தள்ளி இடத்தில் நிறுத்தினான். ஸ்டேடியத்தில் அத்தனை பேர் இருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. பந்து இருக்கும் இடத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நான் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு அவன் ஒருவனைத் தடுக்கப் போய் மறுபடியும் மோதி விழுந்தான். பலமாக இல்லை. எழுந்துவிட்டான்.

இடைவேளையில் பையன்கள் வேலி ஓரமாக நடந்து உள்ளே போவார்கள். நான் படிகளில் இறங்கி ஓடி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனைப் பிடித்துத் தள்ளிய பையன் என்னைப் பார்த்ததும் நின்றான். மரியாதையான பிள்ளை. மேடம், இவன் எங்களுக்கு இந்தியன் பாஷையில் ஆர்டர் போடுகிறான், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு, கஷ்டப்பட்டு அதைச் சொல்லிக் காட்டினான்.

"இங்க வா. இங்க வா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது மாமா. வீட்டில் தோசை கேட்டால் அது நமக்கு. வெள்ளைக்காரப் பையனிடம், கறுப்பினப் பையனிடம், ஆட்டத்தின் நடுவில் எவனாவது தமிழில் கத்துவானா? அவனுக்கே தான் எந்தப் பாஷை பேசுகிறோம் என்று தெரியவில்லை. ஒரு வாரமாகவே தெரிந்திருக்கவில்லை. அப்பா எங்கே என்று மூன்று தரம் கேட்டது, லைட் வேண்டாம் என்றது, எல்லாம் ஒரே சமயத்தில் என் தலையில் வந்து விழுந்தது.

பின்னாலேயே அவன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டிருந்தான். வேலிக்கு மேலே கையைப் போட்டு அதைப் பிடுங்கிக்கொண்டேன். ஹெல்மெட் இல்லாவிட்டால் யாரும் அவனை உள்ளே விடமுடியாது, அது எனக்குத் தெரியும். தாங்கம்மா, நான் விளையாடோணும் என்றான். அதுவும் தமிழில். ஒரு கண் என்னைப் பார்த்தது, ஒரு கண் எங்கோ பார்த்தது.

கோச் ஓடிவந்தார். எனக்கு வந்த இங்கிலீஷ் இதுதான்: ஹி இஸ் ஸ்பீக்கிங் தமிழ், ஹி இஸ் ஸ்பீக்கிங் தமிழ். அவருக்கு என்ன புரியும்? பிள்ளை தாய்ப்பாஷை பேசுகிறான் என்று ஒரு தாய் அலறுகிறாள். மேடம், அதில் என்ன தப்பு என்றார். தப்புதான் கோச், இவன் எப்போதும் பேசமாட்டான், பத்து வருஷமாகப் பேசவில்லை என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை வயிற்றோடு கட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை ஆட்டி, காயம் பார்க்கும் டிரைனரைக் கூப்பிட்டார். டிரைனர் அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், உடனே ஆம்புலன்ஸ் பக்கம் ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போனதும் அங்கிருந்துதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

மற்றது நீங்கள் பார்த்ததுதான். மண்டையைத் திறக்கவேண்டாம் என்று சொல்ல டாக்டர்கள் ரெண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை கண்ணைத் திறந்து, மாம், வேர் ஆம் ஐ என்றானே, அப்போது நீங்கள் சுவரில் சாய்ந்து அழுதீர்கள். நானும்தான். இங்கிலீஷ் கேட்டு இந்த உலகத்தில் யாராவது அப்படி அழுதிருப்பார்களா?

இனி ஃபுட்பால் கிடையாது, எந்த வயசிலும் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற மாதங்களில் வாந்தி எடுத்தாலோ, நடை தள்ளாடினாலோ, மறுபடி தமிழுக்குத் திரும்பினாலோ ஒரு நிமிஷம் யோசிக்காமல் 911 கூப்பிடச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைசியை அவர் சொன்னபோது நர்ஸ் எழுதிக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

டிவியில் அந்தச் சேனல் பக்கமே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துணி துவைக்கிறேன்.

வசந்தாமணி


ஜெர்சி சிட்டி
10 டிசம்பர் 2000

வசந்தா,

காண்ட்ராக்ட் பிப்ரவரியோடு முடிகிறது. டாலஸ் பக்கம் ரெண்டு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன், எது கிடைத்தாலும் வந்துவிடுவேன். கிரீன் கார்டு தள்ளிப்போனால் போகட்டும்.

அவன் என்மேல் எரிச்சலாக இருக்கிறான் போல. போன் எடுத்ததும் இன்றைக்கு என்ன கிழமை, என்ன சாப்பிட்டாய், உன் டீச்சர் பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்கிறேன். டாட், ஸ்டாப் டெஸ்டிங் மி என்கிறான். திட்டட்டும், இங்கிலீஷில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். நேற்று பேச்சின் நடுவில் 'அம்மா' என்று உன்னைக் கூப்பிட்டான். எப்போதும் மாம் என்பவன் அம்மா என்றானா, இல்லை என் காது அப்படிக் கேட்டதா என்று தெரியவில்லை. உடனே உன்னைக் கூப்பிட்டு அவன் கண்ணைப் பார்க்கச் சொன்னேனே, அது அதற்காகத்தான். பத்மநாபன் என்னை டாக்டரிடம் போகச் சொல்கிறார்.

ஒன்று கேட்கிறேன். நீ டிவி பார்க்காமல் இருக்கிறாயே, அது அவனுக்காகவா, உனக்காகவா? அது உன்னுடையதாக இருந்தது வசந்தா. அதையும் இழக்கவேண்டுமா என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

வெள்ளியங்கிரி


இர்விங்
15 ஜனவரி 2001

மாமா,

பொங்கல் வாழ்த்துப் போனில் சொல்லியாயிற்று. போனில் சொல்லாததை எழுதுகிறேன்.

நேற்று பொங்கல் வைத்து இறக்கிவிட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அகிலன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ரிமோட்டை எடுத்து அவனாகவே அந்தச் சேனலைப் போட்டான். ப்ளே-ஆஃப் ஆட்டம். வேண்டாண்டா என்றேன். நீ பார்க்காததால் எனக்கு ஒன்றும் சரியாகப் போவதில்லை மாம், நீ இல்லாமல் தனியாகப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை என்றான். அவன் டீம் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்குக்கூட என் முன்னால் அழாதவன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது.

சரி என்று உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பழைய மாதிரியே ஆகிவிட்டது. அவன் சேஃப்டியைப் பார் என்பான், இவனை நம்பாதே, எறியப் போகிறான் என்பேன். மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது மாமா. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் வந்தது.

அப்போது ஒருவன் ஓடிவந்து மோதி விழுந்தான். நான் சோபா கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் எழுந்துவிட்டான், ஆட்டமும் தொடர்ந்தது. நான்தான் பிடியை விடவில்லை. அகிலன் பார்த்தான். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"பயப்படாதீங்கம்மா. நான் நல்லா இருக்கேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. கையை உதறிக்கொண்டு ஓடிப் போனை எடுத்தேன். ஒன்பதை அழுத்திவிட்டேன், அடுத்த எண் கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் ஓடிவந்து போனை மூடினான். மாம், மாம், இட்ஸ் ஓகே, இது நான் வேண்டுமென்றே சொன்னது, பவளம் ஆன்ட்டியிடம் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பழகினேன், பொங்கலுக்கு உனக்கு சர்ப்ரைஸ் என்று இங்கிலீஷில் மூச்சுவிடாமல் சொன்னான். முகம் வெளுத்துப் போயிருந்தது. அவன்தான் பயந்துபோயிருந்தான்.

நம்பவில்லை நான். லைட்டுக்குக் கீழே இழுத்து நிறுத்திக் கண் ரெண்டையும் பார்த்தேன். தேதி என்ன, நம் தெருப் பெயர் என்ன, அப்பா எங்கே என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். ஃபெப்ருவரியில் வருகிறார் என்றும் சேர்த்துச் சொன்னான். கீழே இறங்கிப் போய் பவளம் ஆன்ட்டியையும் கேட்டுவிட்டு வந்தேன். ஆமாம், தினமும் ஸ்கூல் விட்டு வந்து பழகிட்டுப் போவான், உச்சரிப்பு வரலைன்னு வருத்தப்படுவான் என்றார்கள். அதன் பிறகுதான் அவன் சொன்ன விதம் எனக்குக் காதில் திரும்பி வந்தது. அக்டோபரில் பேசியது அஞ்சு வயசுப் பிள்ளையின் தமிழ், ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. இது அப்படி இல்லை. அந்த 'தீ'யும் 'ல்லா'வும் வாயில் ஒட்டாமல், வெள்ளைக்காரன் பேசுவது போல நெளிந்து நெளிந்து வந்த தமிழ். பதினாறு வயசுப் பையன் எனக்காக உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

மேலே வந்தபோது டிவியை மியூட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். ஸாரி மாம் என்றான். நான் அவன் தலையைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் நாலு வாக்கியம் தெரியுமாம், சொல்லட்டுமா என்று கேட்டான். நாம் பத்து வருஷம் தவம் கிடந்தோமே மாமா, அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்கிறான். எனக்குக் கேட்கத்தான் ஆசை. சத்தியமாக ஆசை. ஆனால் கண் மறுபடி போன் பக்கமே போனது.

"வேண்டாம் சாமி. நீ இங்கிலீசுலயே பேசு" என்று சொல்லிவிட்டேன்.

வசந்தாமணி